சாம்பிள் பத்தலையாம்

"ரிப்போர்ட் ரிலீஸ் ஆகி முப்பத்தெட்டு நாள் ஆச்சு மேடம்" என்றாள் போனில் பேசிய லேப் பெண்.

சித்ரகலா தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் பின்பக்கம், காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றிருந்தாள். சாப்பாட்டு நேரம். உள்ளே மெஷின்கள் நின்றுபோயிருந்தன. ஆனாலும் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"வேலுமணி, ஐம்பத்தோரு வயசு. கணையத்துல கட்டி, லிவர்ல இருந்து எடுத்த சதை. அதுதானே மேடம்? ஜீன் டெஸ்ட் முடிஞ்சு போன மாசமே அனுப்பிட்டோம்."

"சாம்பிள் பத்தலைன்னு சொன்னீங்களாமே?"

"யார் சொன்னாங்க மேடம்? பத்தலைன்னா டெஸ்டே எடுத்திருக்க மாட்டோம்."

மீதமிருக்கும் சதைத்துண்டைத் திருப்பி அனுப்ப முடியுமா, வேறு எங்காவது கொடுத்துப் பார்க்கலாம் என்று கேட்கத்தான் சித்ரகலா கூப்பிட்டிருந்தாள். இப்போது அதைக் கேட்க வேண்டியதில்லை. யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டாள்.

"பதிவு பண்ணின நம்பர் தண்டாயுதபாணின்னு இருக்கு. வாட்சப்ல போயிருக்கு, திறந்து பார்த்திருக்காங்க. ஆஸ்பத்திரி மெயிலுக்கும் ஒரு காப்பி போயிருக்கு. பேஷன்ட்டே பேசினா உங்களுக்கும் அனுப்பறேன் மேடம்."

தண்டாயுதபாணி அவளுடைய பெரிய அண்ணன். வேலுமணி சின்ன அண்ணன். சாம்பிள் பத்தவில்லை என்று சொன்னது பெரிய அண்ணன்தான்.

அவர் அதைச் சொன்னபோது அவளும் கூடத்தான் இருந்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், டாக்டரின் அறையில். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ஜீன் ரிப்போர்ட் என்னாச்சுங்க?" என்று கேட்டார். "சாம்பிள் பத்தலையாமுங்க டாக்டர், டெஸ்ட் பண்ண முடியலைன்னுட்டாங்க" என்றார் தண்டாயுதபாணி. கொஞ்சமும் தடுமாறவில்லை. "கணையத்துல இது அடிக்கடி நடக்கறதுதான்" என்று டாக்டர் அதே ஊசியைத் தொடரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மொத்தமே இரண்டு நிமிடம்.

அருள்புரத்தில் தண்டாயுதபாணிக்கு அறுபது மெஷின் போட்ட பனியன் யூனிட் இருக்கிறது. வேலுமணி அதே யூனிட்டில் இருபத்தாறு வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். போன ஆவணியில் முதுகுவலி என்றார். நின்றே செய்கிற வேலை, அதனால்தான் என்று தைலம் தேய்த்துக்கொண்டார். புரட்டாசியில் கண் மஞ்சளாயிற்று. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி, ஈரலில் நான்கைந்து புள்ளிகள்.

ஆபரேஷன் செய்ய முடியாது, கீமோ ஊசிதான் என்றார் டாக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார். "கட்டியோட ஜீன்ல என்ன கோளாறுன்னு ஒரு டெஸ்ட் பார்த்துக்கலாம். நூத்துல அஞ்சாறு பேருக்குத்தான் உபயோகமா ஏதாவது வரும். வந்தா மருந்தையே மாத்தலாம். அது நல்லா கேட்கும்." ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை வழக்கமான ஊசியைப் போடலாம் என்றார். படிவத்தில் பெரிய அண்ணன் தன் நம்பரை எழுதினார். செலவெல்லாம் அவர் பார்க்கிறார், இங்கிலீஷ் தெரிந்தவர், அவரிடம்தான் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. சித்ரகலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவள் வேலை பார்ப்பது செக்கிங் செக்ஷனில். பத்தாயிரம் பீஸ் என்றால் எந்தப் பீஸை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். யார் வாய்ச்சொல்லையும் நம்பி ஒரு பெட்டியைக்கூட அனுப்பியதில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வேலுமணி வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமுடி கொட்டி மண்டை பளபளத்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின். அவர் மனைவி மயிலாள் தரையில் உட்கார்ந்து அவருக்கென்று மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னண்ணா, இந்த நம்பருக்குப் பேசி, உங்க பேரையும் பொறந்த தேதியையும் சொல்லுங்க. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

"என்ன ரிப்போர்ட்டு?"

"ஜீன் டெஸ்ட்டு. முப்பத்தெட்டு நாளைக்கு முன்னாலயே வந்திருச்சுங்க. பெரியண்ணன் போன்ல இருக்குது."

அவர் போனை வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். "விடு அம்மிணி. எதுக்கு இப்ப அது?"

அவர் ஆச்சரியப்படவில்லை என்பது சித்ரகலாவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"என்னங்க தெரியும்?" என்றாள் மயிலாள். கையில் பாதி உரித்த பழம்.

"அண்ணன் வந்து சொன்னாரு" என்றார் வேலுமணி. "இது நம்ம அம்மாகிட்ட இருந்து வந்ததாட்ட இருக்குது, பரம்பரையாமா. வெளிய தெரிஞ்சா சத்யாவைக் கட்டறவங்க என்ன நினைப்பாங்க? தை மாசம் கல்யாணம் முடிஞ்சிரட்டும், அப்பறம் டாக்டர்கிட்டக் காட்டிக்கலாம்னாரு. நானும் செரின்னுட்டேன். எனக்கு எப்படியும் போறதுதானே. அந்தப் புள்ளை பொழப்பு எதுக்குக் கெடோணும்?"

சத்யப்பிரியா தண்டாயுதபாணியின் ஒரே மகள். பல்லடத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது.

"மருந்து மாத்தறதைப் பத்திச் சொன்னாருங்களா?"

"என்ன மருந்து?"

சித்ரகலா லேப் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பேரும் தேதியும் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ரிப்போர்ட் வந்தது. பதினாலு பக்கம். அவளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. ஆனால் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்ததை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடிந்தது. பி.ஆர்.சி.ஏ. டூ என்ற ஜீனில் கோளாறு. பிளாட்டினம் வகை மருந்து இந்தக் கட்டிக்கு நன்றாகக் கேட்க வாய்ப்பு. அது கேட்டால் பிறகு இன்ன மாத்திரை. பரம்பரையாக இருக்கலாம், ரத்தம் எடுத்து உறுதி செய்யவும், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆலோசனை தேவை.

அவள் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும் வேலுமணி போனை வாங்கி அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அதை அவரு சொல்லலை" என்றார். பிறகு அவரே, "அவருக்குப் புரிஞ்சிருக்காது. அத்தனை பக்கம் இங்கிலீஷு" என்றார்.

"வெளிநாட்டுப் பையர் மெயில்ல ஒரு புள்ளி மாறியிருந்தாக் கண்டுபிடிக்கறவருங்கண்ணா அவரு. கட்டம் கட்டிப் போட்டிருக்கறது அவருக்குப் புரியாதுங்களா?"

"கத்தாதே அம்மிணி."

"கத்துவனுங்க. நீங்க சாகறதுக்கு ஒத்துக்கிட்டீங்க, அது உங்க இஷ்டம்னே வைங்க. எனக்கும் சேத்து ஒத்துக்க உங்களை யாரு சொன்னாங்க? எனக்கும் அதே அம்மாதானே. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கறா. எனக்கு இது இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்கோணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவீங்களா?"

அவர்களுடைய அம்மா மருதம்மாள் நாற்பத்து மூன்று வயதில் மார்பில் கட்டி வந்து இறந்தாள். ஊருக்கு நெஞ்சுவலி என்று சொன்னார்கள். அம்மாவின் தங்கை வயிறு வீங்கி இறந்தாள். அதற்கும் வேறு ஏதோ பேர் சொன்னார்கள். சித்ரகலாவுக்கு இப்போது நாற்பத்து நான்கு.

மயிலாள் எழுந்தாள். பழத்தைத் தட்டில் வைத்தாள். முத்துக்கள் தரையில் சிதறின.

"எங்கிட்டச் சொல்லலை" என்றாள். "வாரவாரம் கூட்டிட்டுப் போறேன். வந்து நாலு நாளைக்கு உங்க வாந்தியை அள்ளறேன். ஒரு வாய் சோறு உள்ள போகாதான்னு பாத்துட்டு உக்காந்திருக்கறேன். கேக்காத மருந்துன்னு தெரிஞ்சே போட்டுக்கிட்டீங்களா?"

"தெரியாது மயிலா. சத்தியமா மருந்து விஷயம் தெரியாது."

"எங்கிட்டச் சொல்லலை" என்றாள் அவள் மறுபடியும்.

சித்ரகலா அங்கிருந்து நேரே யூனிட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். வாசலில் சூப்பர்வைசர் இசக்கிமுத்து, "அக்கா, முதலாளி ஆடிட்டர் கூடப் பேசிக்கிட்டு இருக்காவ, செத்த இருங்க" என்றான். அவள் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேசைமேல் போனை வைத்தாள். திரையில் ரிப்போர்ட்டின் முதல் பக்கம்.

தண்டாயுதபாணி அதைப் பார்த்தார். ஆடிட்டரை அப்புறம் வரச் சொன்னார். நெற்றியில் விபூதி இட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். கிருத்திகைக்குக் கிருத்திகை சென்னிமலைக்குப் போய்வருகிற ஆள். தம்பி படுத்ததிலிருந்து முடி வெட்டாமல் வேண்டுதல் வைத்திருந்தார்.

"உக்காரு அம்மிணி."

"படிச்சீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"மெதுவாப் பேசு. வெளிய ஆளுக இருக்கறாங்க."

"இந்தக் கட்டத்துக்குள்ள இருக்கறதைப் படிச்சீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிச்சேன்."

இல்லை, புரியவில்லை என்று அவர் சொல்லிவிடுவார் என்று அவள் பாதி நம்பிக்கொண்டுதான் வந்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு அழுதிருப்பாள்.

"தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்டக் கேட்டேன்" என்றார் அவர். "முத்தின கட்டிங்க, இந்த மருந்து போட்டாலும் முழுசாக் குணமாகாது, கொஞ்ச மாசம் கூடக் கெடைக்கும், அவ்வளவுதான்னாரு. கொஞ்ச மாசம். இந்தப் பக்கம் ஒரு பொண்ணோட வாழ்க்கை. நீயே சொல்லு, நான் எதைப் பாக்கட்டும்? தை முடிஞ்சா நானே காட்டியிருப்பேன்."

"அந்தக் கொஞ்ச மாசம் யாருதுங்கண்ணா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

"உங்களுதா? நீங்க எடுத்து ஓரமா வெச்சுட்டு அப்பறம் குடுக்கறதுக்கு? தை வரைக்கும் அவரு இருப்பாருன்னு அந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

"எனக்கு மட்டும் அவன் மேல பாசம் இல்லைன்னு நினைக்கிறியா? அவனுக்கு நான் என்ன குறை வெச்சேன்? எல்லாச் செலவும்…"

"செலவைப் பேசாதீங்க. செலவு பண்ணினா அவரு மூச்சையும் நிறுத்தலாமுங்களா? மொட்டை போடறேன்னு முடி வளக்கறீங்க. முருகன்கிட்ட என்னன்னு வேண்டுனீங்க? தம்பி பொழைக்கோணும், ஆனா தை மாசத்துக்கு அப்பறம்னா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று மெஷின்கள் நின்றுவிட்டன. பீகார்ப் பையன்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் சத்தம் புரிந்திருக்கும். தண்டாயுதபாணி எழுந்து கண்ணாடிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. இந்த நேரத்திலும் இவருக்கு முதலில் தோன்றுவது திரைதான்.

"சத்யாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். "ஒரு வாரம் தர்றேன். இல்லீன்னா நான் சொல்லுவேன்."

"அம்மிணி, கால்ல வேணா விழறேன். கல்யாணம் வரைக்கும் பொறு."

"சின்னண்ணனைப் பொறுக்க வெச்சது போதுமுங்க."

மறுநாள் காலையில் வேலுமணியையும் மயிலாளையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனாள். டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தில் தேதியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பத்தலைன்னு சொன்னாங்களே."

"சொன்னவரு பொய் சொன்னாருங்க" என்றாள் சித்ரகலா. "உங்க ஆஸ்பத்திரி மெயிலுக்கும் அன்னிக்கே வந்திருக்குதுங்க. நீங்க பாக்கலீங்களா?"

டாக்டர் போனை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். வைத்தார். "அது பொது மெயிலுங்கம்மா. தினம் நூத்துக்கணக்கில வரும். பேஷன்ட் கூட வர்றவங்க பிரின்ட் எடுத்துட்டு வருவாங்கன்னு…"

"எங்க கம்பெனியில நூலோட ரிப்போர்ட் வராம ஒரு ரோல் துணி வெட்ட விட மாட்டாங்க டாக்டர். பத்தலைன்னு யாரோ வாய்ல சொன்னா, பத்தலைங்கற பேப்பர் எங்கேன்னு கேப்போம். நீங்க கேக்கலை. ரெண்டு நிமிஷத்துல எழுதிக் குடுத்தீங்க. இவரு உடம்புல போடற ஊசிக்கு அந்தளவுகூடக் கேள்வி இல்லீங்களா?"

வேலுமணி அவள் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டரிடம் கோபமாகப் பேசினால் கவனிக்க மாட்டார்கள் என்ற பயம். டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"கேட்டிருக்கணும்" என்றார். "தப்புதான்."

அவள் எதிர்பார்க்காத பதில். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் அதனால் குறையவும் இல்லை.

புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் நான்கைந்தாக இருந்த புள்ளிகள் ஒன்பதாகியிருந்தன. பழைய மருந்தை நிறுத்தி, பிளாட்டினம் மருந்து சேர்த்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். இது கடுமையான மருந்து, கைகால் மரத்துப்போகும், குளிர்ந்த தண்ணீரைத் தொட முடியாது, ரத்த அணுக்கள் குறையும் என்று எல்லாவற்றையும் இந்தத் தடவை உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பரம்பரைதானா என்று பார்க்க வேலுமணியின் ரத்தத்தை எடுத்தார்கள்.

"அந்த ஆறு வாரம் போனதால என்ன நஷ்டமுங்க டாக்டர்?" என்று மயிலாள் கேட்டாள்.

"அதைச் சொல்ல முடியாதுங்கம்மா. அப்பவே ஆரம்பிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

வரும்போது பஸ்ஸில் மயிலாள் கணவர் பக்கத்தில் உட்காரவில்லை. பின்சீட்டில் சித்ரகலாவோடு உட்கார்ந்தாள். அவினாசி தாண்டும்வரை புடவைத் தலைப்பால் வாயை மூடியபடியே இருந்தாள்.

ஒரு வாரம் ஆயிற்று. தண்டாயுதபாணி மகளிடம் சொல்லவில்லை. எட்டாம் நாள் சித்ரகலா சத்யப்பிரியாவின் ஆபீஸுக்குப் போய் அவளைக் கீழே வரச்சொன்னாள். சத்யப்பிரியா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கி வந்தாள். பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்தார்கள். சித்ரகலா எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் சேர்க்காமல், நடந்ததை மட்டும் சொல்ல முயன்றாள்.

சத்யப்பிரியா டீயைத் தொடவே இல்லை.

"எனக்காகவாமா?" என்றாள். "எனக்காகச் சித்தப்பாவுக்கு மருந்து குடுக்காம இருந்தாராமா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு அவருக்குத் தெரியாதுங்களா அத்தை? நாளைக்குச் சித்தப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் என் கல்யாணத்து மேல வரும். அதை நான் கேட்டனா?"

"நீ கேக்கலை கண்ணு."

"எனக்காக இல்லைங்கத்தை" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அப்பாவுக்குப் பயம். அவரு அம்மா செத்தப்ப அவருக்குப் பதினெட்டு வயசு. ஊட்ல கேன்சர்ங்கற பேரையே எடுக்க விட மாட்டாரு. டிவில விளம்பரம் வந்தா மாத்துவாரு. ரிப்போர்ட்டை டாக்டர்கிட்டக் காட்டினா அடுத்தது அவரு ரத்தத்தைக் கேப்பாங்க. அதுதான்."

அது உண்மையாக இருக்கலாம் என்று சித்ரகலாவுக்குப் பட்டது. ஆனால் பயம் என்றால் அவளுக்கும்தான் இருந்தது. ஒரு வாரமாகக் குளிக்கும்போது மார்பைத் தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை. அதற்காக அவள் யாருடைய மருந்தையும் ஒளித்து வைக்கவில்லை.

சத்யப்பிரியா அன்றைக்கே மாப்பிள்ளை குகனிடம் பேசிவிட்டாள். மறுநாள் அவர்கள் வீட்டுக்கே போய் அவன் அம்மாவிடமும் சொன்னாள். அந்த அம்மா கேட்டுவிட்டு, தன் தம்பி வாய்ப்புற்றில் இறந்த கதையைச் சொன்னாராம். "யார் ஊட்லதான் இல்லை கண்ணு? டெஸ்ட் எடுக்கறதுன்னா எடு, இல்லீன்னா விடு. சாப்பிட்டுட்டுப் போ" என்றாராம். பத்து நிமிஷப் பேச்சு. இதற்குப் பயந்துதான் ஒருவர் ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தார். போனில் இதைக் கேட்டபோது சித்ரகலா செக்கிங் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவளுக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல இருந்தது.

வேலுமணியின் ரத்தத்திலும் அந்தக் கோளாறு இருந்தது. அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றார்கள். சித்ரகலாவும் சத்யப்பிரியாவும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். முதலில் உங்கள் அப்பா கொடுக்கட்டும், அவருக்கு இல்லையென்றால் உங்களுக்குத் தேவையே இல்லை என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண் சத்யாவிடம் எவ்வளவோ சொன்னாள். தண்டாயுதபாணி வரவில்லை. யூனிட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

மார்கழிக் கடைசியில், மத்தியானத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. அவள் யூனிட்டில் கத்திவிட்டு வந்த பிறகு அவர்களுக்குள் முதல் பேச்சு.

"அம்மிணி, சத்யாவுக்கு இல்லையாமா. இப்பத்தான் வந்துச்சு. முருகன் கண்ணைத் திறந்துட்டான்." அழுதுகொண்டே பேசினார்.

"நல்லதுங்கண்ணா" என்றாள் சித்ரகலா. அதில் பொய் இல்லை. "எனக்கு இருக்குதுங்க. நேத்தே வந்திருச்சு."

போனில் அவருக்குப் பின்னால் ஓவர்லாக் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மிணி, நான்…"

அவள் போனை வைத்துவிட்டாள்.

தை இருபத்தொன்றாம் தேதி பல்லடத்தில் கல்யாணம் நடந்தது. சித்ரகலா சத்யாவுக்காகப் போனாள். வேலுமணியும் வந்தார். கையில் உல்லன் கையுறை. குளிர்ந்த எதையும் தொட முடியவில்லை. புது மருந்தில் நான்கு தடவை முடிந்திருந்தது. முதல் இரண்டு தடவையில் அவரைப் பார்க்கவே முடியவில்லை. ரத்த அணு குறைந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாவதுக்குப் பிறகு முதுகுவலி விட்டது. பிறகு பசி வந்தது. கல்யாணத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டார். அதைப் பார்க்க மயிலாள் பந்தியில் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கணவரோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மருந்து நேரத்தை மட்டும் சொல்வாள்.

குடும்பப் போட்டோவுக்குத் தண்டாயுதபாணி சித்ரகலாவை ஆள்விட்டுக் கூப்பிட்டார். அவள் போய் வேலுமணிக்கு அந்தப் பக்கம், கடைசியில் நின்றாள்.

பங்குனியில் எடுத்த ஸ்கேனில் ஒன்பது புள்ளிகளில் ஆறு தெரியவில்லை. மீதி மூன்றும் சுருங்கியிருந்தன. கணையத்துக் கட்டி பாதியாகியிருந்தது. டாக்டரே அறையைவிட்டு வெளியே வந்து சொன்னார். வைகாசியில் ஊசியை நிறுத்தி, ரிப்போர்ட்டில் போட்டிருந்த அந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. திரும்ப வரும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். வேலுமணி காலையில் இரண்டு மணி நேரம் யூனிட்டுக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து, பையன்கள் துணி விரிப்பதைப் பார்த்துத் திட்டிவிட்டு வருகிறார். அண்ணனும் தம்பியும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள். "அவரு எனக்கு அப்பா மாதிரி, அவரை நான் என்ன பண்றது?" என்பார் வேலுமணி. தண்டாயுதபாணி இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை.

சித்ரகலாவுக்கு ஆனியில் எம்.ஆர்.ஐ. எடுக்க நாள் கொடுத்தார்கள். வருஷா வருஷம் எடுக்க வேண்டும், சினைப்பையை எடுத்துவிடுவது பற்றியும் யோசிக்கச் சொன்னார்கள். மகளுக்கு இப்போது பதினேழு. அவளிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது இன்னொரு கவலை. எம்.ஆர்.ஐ. நாள் காலையில் பெரிய அண்ணன் கார் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். பஸ்ஸில் வேலுமணி கூட வந்தார். வர வேண்டாம் என்றதற்கு, "எனக்குத்தான் அந்த ஆஸ்பத்திரியில எந்த வழி எங்க போகுதுன்னு தெரியும்" என்றார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணன் நேத்து ரொம்ப வருத்தப்பட்டாரு" என்றார் வேலுமணி.

அவள் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கோவம் போகலியா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா."

"என் மேல?"

"உங்க மேலயும்தான்."

அவருக்குக் கையுறை இப்போது தேவையில்லை என்றாலும், ஏ.சி. குளிருக்கு விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"செரி, இருக்கட்டும்" என்றார்.

உள்ளேயிருந்து நர்ஸ் பேரைக் கூப்பிட்டாள். சித்ரகலா தாலிக்கொடியையும் கம்மலையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.